கடைசிப் பந்தியில் பங்குதாரர்

கச்சா எண்ணெய் ஏறுகிறதா, ஓ.என்.ஜி.சி.யை வாங்கு. கோடை கடுமையாக இருக்குமா, கோல் இந்தியாவை வாங்கு. உலகம் மின்சாரக் காருக்கு மாறுகிறதா, தாமிரக் கம்பெனியைப் பிடி. எரிசக்தி, உலோகம், சுரங்கம் சார்ந்த பங்குகளைத் தொடரும் சிறு முதலீட்டாளர்களில் பலர் போடும் கணக்கு இவ்வளவுதான். இதில் ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. ஒரு மென்பொருள் நிறுவனம் எதை விற்று எப்படிச் சம்பாதிக்கிறது என்று வீட்டாருக்கு விளங்கவைப்பது கடினம். பெட்ரோலும் நிலக்கரியும் இரும்பும் அப்படியல்ல; அவற்றின் விலை அன்றாடம் செய்தியில் அடிபடுகிறது, ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதும் கூடவே வந்துவிடுகிறது. 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டின. அந்த நான்கு ஆண்டுகளில் சந்தைக்குள் வந்தவர்கள், அமெரிக்கக் கச்சா எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே போனதையும் கண்டார்கள், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில் பிரென்ட் கச்சா எண்ணெய் 139 டாலரை எட்டியதையும் கண்டார்கள். பொருளின் விலையைச் சரியாகக் கணித்தால் பங்கில் லாபம் தானாக வரும் என்ற நம்பிக்கை அவர்களிடம் வேர்விட்டதில் வியப்பில்லை. ஆனால் இந்தியச் சந்தையின் கடந்த பதினைந்து, இருபது ஆண்டு அனுபவம் அந்த நம்பிக்கைக்கு எதிராகவே பேசுகிறது. பொருளின் விலை ஏறும்போது கிடைக்கும் கூடுதல் பணம் ஒரு பெரிய விருந்து. அதில் அரசு, கடன் கொடுத்தவர்கள், நுகர்வோர், நிர்வாகம் என்று ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்த பிறகு, கடைசிப் பந்தியில்தான் சிறு பங்குதாரருக்கு இலை விழுகிறது. எனவே அவர் படிக்க வேண்டியது விலைப் பட்டியலைவிடப் பந்தி வரிசையை.

முதல் பந்தி அரசுடையது என்பதற்கு 2022ஆம் ஆண்டே போதிய சான்று. உள்நாட்டில் எடுக்கப்படும் கச்சா எண்ணெய்க்கும் உலக விலையை ஒட்டியே பணம் கிடைப்பதால், பேரல் 110 டாலரைத் தாண்டிய அந்தக் கோடையில் ஓ.என்.ஜி.சி. பங்குதாரர்கள் பெரிய லாபத்தை எதிர்பார்த்திருந்தனர். ஜூலை 1 அன்று மத்திய அரசு உள்நாட்டுக் கச்சா எண்ணெய் மீது டன்னுக்கு 23,250 ரூபாய் விண்ட்ஃபால் வரி, அதாவது திடீர் லாபத்தின் மீதான வரி, விதித்தது. பேரல் கணக்கில் அது ஏறக்குறைய 40 டாலர். பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் ஏற்றுமதிக்கும் வரி வந்தது. அன்று ஒரே நாளில் ஓ.என்.ஜி.சி. பங்கு சுமார் 13 சதவீதமும் ரிலையன்ஸ் சுமார் 7 சதவீதமும் விழுந்தன. எண்ணெய் விலை ஏறும் என்று கணித்தவரின் கணிப்பு முழுக்கச் சரி. அந்த ஏற்றம் யாருக்குப் போகும் என்ற கேள்வியைத்தான் அவர் கேட்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றி அமைக்கப்பட்டுவந்த அந்த வரி, எண்ணெய் விலை தணிந்து வரியும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு 2024 டிசம்பரில் ரத்தானது. அதே 2022 மே மாதம் உருக்கு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி விதிக்கப்பட்டதும், அடுத்துச் சந்தை திறந்தபோது உருக்குப் பங்குகள் சரிந்ததும், நவம்பரில் அந்த வரி விலக்கிக்கொள்ளப்பட்டதும் இதே கதையின் இன்னொரு பக்கம்.

எண்ணெயை எடுப்பவரிடம் அரசு வரியாக வாங்குகிறது என்றால், எண்ணெயை விற்பவரிடம் விலையாக வாங்குகிறது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2017 ஜூன் முதல் தினசரி விலை மாற்றமும் வந்தது. இனி இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சாதாரண வணிக நிறுவனங்கள் என்று நம்பிப் பங்கு வாங்கியவர்கள் 2018 அக்டோபர் 4 அன்று விழித்துக்கொண்டார்கள். கலால் வரியைக் குறைத்த அரசு, லிட்டருக்கு ஒரு ரூபாயை எண்ணெய் நிறுவனங்களும் ஏற்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த ஒரு ரூபாய்க்குச் சந்தை கொடுத்த அடி மிகப் பெரியது. பழைய கட்டுப்பாடு வாசல் வழியே போய் ஜன்னல் வழியே திரும்பிவிட்டது என்று அது புரிந்துகொண்டது. 2022 ஏப்ரல் 6க்குப் பிறகு இந்த நிறுவனங்கள் தாமாக விலையை மாற்றாமல் நிறுத்திக்கொண்டன. விளைவை இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் கணக்கில் பார்க்கலாம்: 2022-23ல் 8,974 கோடி ரூபாய் நஷ்டம், அடுத்த ஆண்டே 14,694 கோடி லாபம். முதலாண்டில் உலக விலை ஏறியபோது பம்பில் விலையை ஏற்ற முடியவில்லை. அடுத்த ஆண்டு உலக விலை இறங்கியபோது பம்பில் விலையைக் குறைக்கவில்லை. லிட்டருக்கு 2 ரூபாய் குறைப்பு வந்தது 2024 மார்ச் மத்தியில். மக்களவைத் தேர்தல் அட்டவணை மார்ச் 16 அன்று வெளியானது. இந்தப் பங்குகளை வைத்திருப்பவர் கச்சா எண்ணெயின் வரைபடத்தோடு தேர்தல் நாட்காட்டியையும் பக்கத்தில் மாட்டிவைப்பது நல்லது.

அரசு வரி விதிப்பவராக மட்டும் இருந்துவிடுவதில்லை; பெரும் பங்குதாரராகவும் அதே வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளக் கோல் இந்தியாவைவிட நல்ல பாடம் கிடையாது. 2010 அக்டோபரில் 245 ரூபாய்க்கு வந்த அதன் ஐ.பி.ஓ., சுமார் 15,200 கோடி ரூபாய் திரட்டியது. சில்லறை முதலீட்டாளர்களுக்கு 5 சதவீதத் தள்ளுபடி இருந்ததால் அவர்களுக்குப் பங்கு சுமார் 233 ரூபாய்க்குக் கிடைத்தது. முதல் நாளிலேயே விலை 340 ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சந்தை மதிப்பில் நாட்டின் முதல் நிறுவனம் என்ற இடத்தையும் சில நாள் பிடித்தது. பிறகு 2012 ஜனவரியில் புதிய விலை முறையைக் கொண்டுவந்து, மின்துறையின் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதத்தில் விலையைக் குறைத்தது நிறுவனம். சுமார் ஒரு சதவீதப் பங்கு வைத்திருந்த லண்டன் முதலீட்டு நிறுவனமான டி.சி.ஐ., அரசின் சொல்லுக்காகச் சந்தை விலைக்குக் கீழே நிலக்கரி விற்பது சிறுபான்மைப் பங்குதாரருக்கு இழைக்கும் அநீதி என்று வழக்குத் தொடுத்தது. இரண்டே ஆண்டில் அது பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. வழக்கறிஞர் படையோடு வந்தவருக்கே இந்த நிலை என்றால், நூறு பங்கு வைத்திருப்பவர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டு என்ன ஆகப்போகிறது?

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். விலையில் இழந்ததை ஈவுத்தொகையில் பெற்றுவிடலாமே? அரசுக்கும் பணத்தேவை உண்டு. அது ஈவுத்தொகை கேட்கும்போது சிறு பங்குதாரருக்கும் சேர்ந்து கிடைக்குமே? இது உண்மைதான். 2014 ஜனவரியில் கோல் இந்தியா பங்குக்கு 29 ரூபாய் இடைக்கால ஈவுத்தொகை கொடுத்தது. மொத்தம் 18,317 கோடி ரூபாய், அதில் 90 சதவீதம் நிதிப் பற்றாக்குறையோடு மல்லாடிக்கொண்டிருந்த அரசுக்கு. பெரிய இலையில் பரிமாறும்போது பக்கத்து இலையிலும் ஒரு கரண்டி விழுந்தது. ஆனால் பத்தாண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 2010ல் வாங்கியவர் 2020 அக்டோபர் வரை பெற்ற ஈவுத்தொகை பங்குக்கு 160 ரூபாய்க்குச் சற்று மேல். அப்போது பங்கின் விலை 115 ரூபாய் அளவில் நின்றது. ஆக, 233 ரூபாய் போட்டவரிடம் இருந்தது சுமார் 280 ரூபாய். அதே பணத்தை எட்டு சதவீத வட்டிக்கு ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டிருந்தால் இரட்டிப்புக்கு மேல் ஆகியிருக்கும். ஈவுத்தொகைக்கு இடையில் கிடைத்திருக்கக்கூடிய வட்டியைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி மூடாது. இதே பத்தாண்டில் நிறுவனம் வெட்டிய நிலக்கரியின் அளவு கூடித்தான் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். இருந்தும், ஈவுத்தொகை பற்றிய மறுப்பை இதோடு தள்ளிவிட முடியாது. 2020ல் வாங்கியவரின் கதை வேறு. அதற்குக் கடைசியில் வருவோம்.

அரசின் கை நிறுவனத்தின் கல்லாப்பெட்டிக்குள்ளும் நீளும். 2018 ஜனவரியில் இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் மத்திய அரசுக்கு இருந்த 51.11 சதவீதப் பங்கை ஓ.என்.ஜி.சி. 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பணத்தின் பெரும்பகுதி கடன் வாங்கித் திரட்டப்பட்டது; போய்ச் சேர்ந்த இடம் அரசின் பங்கு விற்பனைக் கணக்கு. கடனே இல்லாத நிறுவனம் என்ற பெயரை ஓ.என்.ஜி.சி. இழந்தது. கிணறு தோண்டும் நிறுவனம் என்று நம்பிப் பங்கு வாங்கியவர், பெட்ரோல் பம்புகளுக்கும் பங்காளியாகிவிட்டார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பாரத் பெட்ரோலியத்தில் நடந்தது இதன் மறுபுறம். 2019 நவம்பரில் அதைத் தனியாருக்கு விற்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த நம்பிக்கையில் பலர் பங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தனர். 2022 மே மாதத்தில் விற்பனை கைவிடப்பட்டது. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் கதையும் இந்த வகைதான். பொதுமக்களின் பங்கு 10 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிக்காக 2013ல் மத்திய அரசு தன் பங்கை விற்க முனைந்தபோது, தமிழக அரசு எதிர்த்து நின்று, தன் பொதுத்துறை நிறுவனங்கள் மூலம் 3.56 சதவீதப் பங்கைச் சுமார் 360 கோடி ரூபாய்க்குத் தானே வாங்கிக்கொண்டது. இரு அரசுகளுக்கும் அது உரிமைப் பிரச்சினை, அரசியல் பிரச்சினை. பங்கிலிருந்து என்ன வருமானம் வரும் என்பது அந்தப் பேச்சில் பெரிதாக அடிபடவே இல்லை.

அப்படியானால் தொல்லையெல்லாம் பொதுத்துறையோடு முடிந்துவிடுகிறது, தனியார் நிறுவனங்களைப் பார்த்து வாங்கினால் போதும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2008 ஜனவரியில் வந்த ரிலையன்ஸ் பவர் ஐ.பி.ஓ.வை மறக்கக் கூடாது. விற்பனை தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் எல்லாப் பங்குகளுக்கும் விண்ணப்பம் வந்து சேர்ந்துவிட்டது. சில்லறை முதலீட்டாளருக்கு 430 ரூபாய், மற்றவர்களுக்கு 450 ரூபாய். மின்சாரம் தயாரிக்கும் ஆலை அன்று ஒன்றுகூடக் கையில் இல்லை. பிப்ரவரி 11 அன்று பட்டியலிடப்பட்டு 372 ரூபாய் 50 காசில் முடிந்தது. பிறகு போனஸ் பங்குகள் வந்தன. ஆனாலும் 2020ல் பங்கின் விலை இரண்டு ரூபாய்க்கும் கீழே கிடந்தது. நாட்டுக்கு மின்சாரம் தேவை என்று விண்ணப்பதாரர்கள் நினைத்ததில் தவறே இல்லை; தேவை பெருகத்தான் செய்தது. டாடா பவரின் முந்த்ரா ஆலை இன்னும் தெளிவான உதாரணம். யூனிட் 2 ரூபாய் 26 காசு என்ற சராசரிக் கட்டணத்துக்கு ஏலத்தில் வென்ற 4,000 மெகாவாட் ஆலை அது. நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து வரவேண்டும். அந்த நாடு ஏற்றுமதி விலையை உலக விலையோடு இணைத்துவிட்டது. வாங்கும் விலை மாறிக்கொண்டே இருக்க, விற்கும் விலை ஒப்பந்தத்தில் உறைந்துபோனது. வெளிநாட்டுச் சட்டம் மாறியதற்காகக் கட்டணத்தை உயர்த்த முடியாது என்று 2017 ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையும் தனியாருடையதுதான். ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் தயாரிக்கும் திறன் கொண்ட அந்த ஆலை, எதிர்ப்புப் போராட்டத்தில் 13 உயிர்கள் பலியான துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து 2018 மே மாதம் மூடப்பட்டது. மூடல் செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. லண்டன் உலோகச் சந்தையின் தாமிர விலையை நாள் தவறாமல் பார்த்தவருக்கு, தூத்துக்குடி மக்கள் பல ஆண்டுகளாக மண், நீர், காற்று பற்றிச் சொல்லிவந்தது காதில் விழுந்திருக்காது. கேட்டிருக்க வேண்டிய செய்தி அதுதான். விலை ஏறும்போது அரசு கை நீட்டுவது இந்தியாவின் தனிக் குணமும் இல்லை. பிரிட்டனும் 2022 மே மாதம் வடகடல் எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தின் மீது 25 சதவீதக் கூடுதல் வரி போட்டு, பிறகு அதை 38 சதவீதம்வரை ஏற்றியது.

பந்தி வரிசையைப் புரிந்துகொண்டவரையும் காலம் ஏமாற்றும். சாதாரண நிறுவனத்தில் பங்கு விலையை ஒரு பங்கின் லாபத்தால் வகுத்துக் கிடைக்கும் பி.இ. விகிதம் குறைவாக இருந்தால் பங்கு மலிவு என்பார்கள். பொருள் விலையோடு ஏறி இறங்கும் நிறுவனங்களில் இந்த அளவுகோல் தலைகீழாகிவிடும். அமெரிக்க நிதி மேலாளர் பீட்டர் லிஞ்ச் முதல் பலர் எச்சரித்த விஷயம் இது. மணலியில் ஆலை வைத்திருக்கும் சென்னை பெட்ரோலியத்தைப் பாருங்கள். சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் விலையில் சம்பாதிப்பதில்லை. கச்சா எண்ணெய்க்கும் டீசல், பெட்ரோலுக்கும் உள்ள இடைவெளியில் சம்பாதிக்கிறது. கப்பலில் வாங்கிய கச்சா எண்ணெய் டீசலாகி வெளியே போவதற்குள் விலை சரிந்தால், கையிருப்பே நஷ்டமாகிவிடும். 2020 மார்ச்சில் அதுதான் நடந்தது. அந்த நிதியாண்டின் நஷ்டம் 2,000 கோடிக்கு மேல். போர் வந்து டீசல் தட்டுப்பாடு ஏற்பட்ட 2022-23ல் லாபம் 3,500 கோடிக்கு மேல். 2024 மத்தியில் பங்கு ஆயிரம் ரூபாய் அளவில் விற்றபோது அதன் பி.இ. விகிதம் ஐந்து, ஆறு என்றுதான் இருந்தது. பங்குக்கு 55 ரூபாய் ஈவுத்தொகையும் அறிவிக்கப்பட்டிருந்தது. இவ்வளவு மலிவா என்று அப்போது வாங்கியவர் எதிர்கொண்ட அடுத்த நிதியாண்டில், லாபம் முந்தைய ஆண்டு லாபத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. நஷ்டத்தில் கிடந்தபோது யாரும் சீந்தாத பங்குதான் வாங்குவதற்குரியதாக இருந்தது. விளைச்சல் அமோகமாக இருக்கும் ஆண்டில் நிலத்துக்கு விலை பேசினால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்பது விவசாயிக்குத் தெரியும்.

இத்தனை பேர் குறுக்கே நிற்கிறார்கள் என்றால், நிறுவனத்தை விட்டுவிட்டு பொருள் சந்தையான எம்.சி.எக்ஸில் பொருளையே நேரடியாக வாங்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 2020 ஏப்ரல் 20 இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஊரடங்கால் எம்.சி.எக்ஸ். வர்த்தகம் மாலை 5 மணியோடு நின்றது. கச்சா எண்ணெய் ஒப்பந்தம் கடைசியாகக் கைமாறியது பேரல் 965 ரூபாய்க்கு. அன்றிரவு நியூயார்க்கில் விலை பூஜ்யத்தை உடைத்துக்கொண்டு மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. இந்திய ஒப்பந்தம் அதையொட்டியே தீர்க்கப்பட வேண்டும் என்பதால், மைனஸ் 2,884 ரூபாய்க்குத் தீர்க்கப்பட்டது. ஒரு லாட் என்பது 100 பேரல். ஐந்து மணிக்குச் சற்று முன் வாங்கி, போனால் 965 ரூபாய்தானே என்று நினைத்தவருக்கு, பேரலுக்கு 3,849 ரூபாய் வீதம் ஒரு லாட்டில் 3,84,900 ரூபாய் போனது. விலை திரும்பும் என்ற அவருடைய கணிப்பும் பின்னால் பலித்தது என்பது இதில் உள்ள கசப்பு. இந்த ஒருநாள் விபத்தை ஒதுக்கிவிட்டாலும், பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (முன்பேர, ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) பிரிவில் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகவும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் செபியின் 2024 ஆய்வு சொல்கிறது. கடைசிப் பந்தியில் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். இங்கே கையிலிருக்கும் சோறும் போய்விடும்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. இவ்வளவு சிக்கல் என்றால் பேசாமல் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் பணம் போட்டுவிடலாமே? பெரும்பாலோருக்கு இதுதான் சரியான பதில் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரிலையன்ஸ், ஓ.என்.ஜி.சி., கோல் இந்தியா, டாடா ஸ்டீல், ஹிண்டால்கோ ஆகியவை அந்த ஐம்பதிலேயே இருக்கின்றன. தனிப் பங்கு வாங்க விரும்புகிறவர், தன்னிடம் ஃபண்ட் மேலாளரிடம் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று காட்ட வேண்டும். செய்தி அல்ல அது. எண்ணெய் விலை எல்லோர் திரையிலும் ஒரே நொடியில்தான் மாறுகிறது. சிறு முதலீட்டாளரிடம் இருப்பது கட்டாயமின்மை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நிலக்கரிப் பங்கு வைத்திருக்கக் கூடாது என்று எந்த வெளிநாட்டு ஓய்வூதிய நிதியும் அவருக்கு ஆணையிட முடியாது. விலை பிடிக்கவில்லை என்றால் மூன்று ஆண்டு சும்மா இருக்கலாம். கடைசிப் பந்திக்காரருக்கு உள்ள ஒரே வசதி, எந்த விருந்துக்குப் போவது என்பதைத் தானே முடிவு செய்யலாம் என்பது. அதைப் பயன்படுத்த நாலு கேள்வி போதும். விற்கும் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்: சந்தையா, அமைச்சகமா, ஒழுங்குமுறை ஆணையமா? விலை எக்கச்சக்கமாக ஏறினால் முதலில் கை நீட்டப்போவது யார்? விலை பாதியாகச் சரிந்தால் கடனுக்கு வட்டி கட்டத் தாங்குமா? கையில் சேரும் பணத்தை நிர்வாகம் இதுவரை என்ன செய்திருக்கிறது? நெய்வேலியை எடுத்துக்கொண்டால், அதன் மின்கட்டணத்தின் பெரும்பகுதி, ஆன செலவோடு மூலதனத்துக்கு வரையறுத்த வருவாயைச் சேர்த்து ஆணையம் தீர்மானிப்பது. உலக நிலக்கரி டன் 400 டாலரைத் தாண்டிய 2022லும் அந்தக் கணக்கு மாறவில்லை. உலக விலையைப் பார்த்து அதை வாங்குவதும் தவறு, விற்பதும் தவறு. முதல் கேள்வியிலேயே இது தெரிந்துவிடும்.

நாலு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகுதான் விலைக்கு வேலை. அதுவும் பொருளின் விலைக்கு அல்ல, பங்கின் விலைக்கு. 2020 அக்டோபரில் கோல் இந்தியா பற்றி நல்ல செய்தி எதுவும் இல்லை. சூரிய மின்சாரம் மலிவாகிவிட்டது, நிலக்கரிக்கு எதிர்காலம் இல்லை, அரசோ மேலும் மேலும் பங்கை விற்கிறது என்பதே எங்கும் பேச்சு. எல்லாமே 115 ரூபாய் விலைக்குள் அடங்கியிருந்தது. அப்போது வாங்கியவருக்கு அடுத்த நான்கு ஆண்டில் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் ஈவுத்தொகையாகவே திரும்பியது. 2024 ஆகஸ்டில் பங்கு 500 ரூபாய்க்கு மேல் விற்றது. 2010ல் வாங்கியவரும் 2020ல் வாங்கியவரும் பங்காளிகளானது ஒரே நிறுவனத்தில், ஒரே சுரங்கங்களில், அதே அரசோடு. முன்னவர் முதல் பந்திக்குரிய விலையைக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். பின்னவர் கடைசிப் பந்திக்குரிய விலையைத்தான் கொடுத்தார்.